டீம் தங்கம், வேலைதான் தகரம்

பிடிக்காத வேலையில் ஏன் இருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும். ஒன்று, இஎம்ஐ. இரண்டு, வெளியே வேலை கிடைக்கவில்லை. மூன்றாவது பதிலைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்: "டீம் நல்லா இருக்கு, அதான்." முதல் இரண்டையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மூன்றாவதைச் சொன்னால் வீட்டில் அப்பா ஒரு பார்வை பார்ப்பார். "சம்பாதிக்கப் போறியா, அரட்டை அடிக்கப் போறியா?"

நான் அந்த மூன்றாவது கட்சி. சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில், நைட் ஷிஃப்டில், ஏஆர் காலராக ஐந்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினேன். வேலை முதல் வருஷமே கசந்துவிட்டது. மிச்ச வருஷங்கள் முழுக்க ஆட்களுக்காக ஓட்டியது. அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் "டீம் நல்லா இருக்கு" என்ற அந்த ஒற்றை வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று இப்போது கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடிகிறது. நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பெருங்குடியிலிருந்து டெக்சாஸுக்கு ஒரு போன்

ஏஆர் காலிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் அவரிடம் முழுப் பணத்தையும் கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புகிறார். அதுதான் கிளைம். அனுப்பிய கிளைமுக்குச் சில சமயம் பணம் வராது, சில சமயம் குறைத்து வரும், சில சமயம் ஒரு காரணத்தைச் சொல்லித் திருப்பி அடிப்பார்கள். அப்படி வராமல் நிற்கிற பணத்துக்காக இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு போன் போட்டு, ஏன் வரவில்லை, எப்போது வரும், என்ன செய்தால் வரும் என்று கேட்பது எங்கள் வேலை. டாக்டர் டெக்சாஸ், நோயாளி டெக்சாஸ், இன்ஷூரன்ஸும் அங்கேதான். காசு கேட்கிறவன் மட்டும் பெருங்குடி.

திருப்பி அடிக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண் உண்டு. சிஓ 16 என்றால் ஏதோ ஒரு விவரம் குறைகிறது. சிஓ 18 என்றால் அனுப்பியதையே மறுபடி அனுப்பியிருக்கிறீர்கள். சிஓ 50 என்றால் இந்தச் சிகிச்சை அவசியம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சிஓ 29 தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்: கெடு தாண்டிவிட்டது. மெடிகேர் என்கிற அரசு இன்ஷூரன்ஸ் என்றால் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் கொடுப்பார்கள். தனியார் இன்ஷூரன்ஸில் சிலர் 90 நாள், சிலர் 180 நாள். கெடு தாண்டினால் பெரும்பாலும் அந்தப் பணம் போனது போனதுதான். யார் பார்க்காமல் விட்டது என்று ஒரு மெயில் வரும். அதில் உங்கள் பெயர் இருக்கும்.

கஷ்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். முடியாத வேலை. அதாவது, ஒரு நாளும் முடியாது. கிளைம்களை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வயசு வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். 60 நாள் கணக்கை மாங்கு மாங்கென்று காலி செய்து நிமிர்ந்தால், 30 நாள் கணக்கில் இருந்ததெல்லாம் வயசாகி இங்கே வந்து விழுந்திருக்கும். யாரோ ஒரு பாட்டியின் இடுப்பு எலும்பு எக்ஸ்ரேவுக்குப் பணம் கொடுங்கள் என்று நான் கேட்பேன். தர முடியாது என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் மணிலாவில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டியை இரண்டு பேருமே பார்த்ததில்லை. அவளுக்கு இடுப்பு சரியாயிற்றா என்பது இரண்டு பேர் திரையிலும் வராது.

அப்புறம் ராத்திரி. கோடையில் சாயங்காலம் 6.30க்கு உட்கார்ந்தால் விடியற்காலை 3.30. மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். அவர்கள் இழுத்தால் நான் தங்கியிருந்த வேளச்சேரியில் என் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து நகரும். நவம்பரில் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்று லீவு கிடைக்கும். பொங்கலுக்குக் கிடைக்காது. கல்யாணத்துக்குப் போனால் "என்னப்பா, கண்ணெல்லாம் இப்படிக் குழி விழுந்திருக்கு?" என்று கேட்காத சித்தி கிடையாது.

ஹோல்டில் போட்ட சிநேகம்

இப்போது ஆட்கள் கதைக்கு வருகிறேன்.

ஃப்ளோருக்குள் மொபைல் கூடாது. பேனா, பேப்பர் கூடாது. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்கு ஹிப்பா என்று 1996இல் வந்த அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. அதை வைத்து இந்தக் கெடுபிடி. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் ஹோல்டு. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஐவிஆர் சொல்கிறபடியெல்லாம் அழுத்தி உள்ளே நுழைந்தால், அரை மணி, முக்கால் மணி, சில நாள் அதற்கும் மேலே அதே பாட்டு ஓடும். கையில் மொபைல் இல்லை. காதில் ஒரே பாட்டு. பக்கத்து சீட்டில் அதே நிலைமையில் ஒரு மனுஷன். பேசாமல் என்ன செய்வது?

யோசித்துப் பார்த்தால், இவ்வளவு நெருக்கமான சிநேகம் வேறெந்த ஆஃபீஸிலும் எனக்குக் கிடைக்காததற்குக் காரணமே இதுதான் என்று தோன்றுகிறது. எதெல்லாம் அந்த வேலையில் எரிச்சலோ, அதெல்லாம் சேர்ந்துதான் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசவும் வைத்தது.

என் வலதுபக்கம் திண்டுக்கல்காரர் ஒருத்தர். எங்களைவிட நாலைந்து வயசு பெரியவர், அதனால் எல்லோருக்கும் அண்ணன். போனில் மட்டும் அவர் கெவின். அமெரிக்காக்காரர்கள் வாயில் நுழைய வேண்டுமே என்று எல்லோருக்கும் இப்படி ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அண்ணன் தன் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"தாம்பூலம் மாத்தி முடிச்சு எல்லாரும் கிளம்பிட்டாங்கடா. ராத்திரி பத்து மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க திரும்பி வந்து நிக்கிறாங்க. எதுக்குன்னு நினைக்கிற?"

"எதுக்குண்ணே?"

"அவங்க கொண்டுவந்த தட்டுல ஒரு வெள்ளிக் கிண்ணம்..."

பாட்டு நின்றுவிட்டது. அண்ணன் முதுகை நிமிர்த்தினார், மியூட்டை எடுத்தார். திண்டுக்கல் தொண்டை போய் வேறொரு தொண்டை வந்தது. "ஹாய், குட் ஆஃப்டர்நூன், திஸ் இஸ் கெவின், காலிங் ஃப்ரம் டாக்டர்ஸ் ஆஃபீஸ்." நோயாளியின் பிறந்த தேதி, சிகிச்சை நடந்த தேதி, பில் தொகை எல்லாம் ஒப்பித்து, ஏன் பணம் வரவில்லை என்று நாலு விதமாகக் கேட்டு, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி, நோட்ஸ் அடித்து, அடுத்த கிளைமுக்கு டயல் செய்து, அங்கேயும் பாட்டு ஆரம்பித்ததும், விட்ட இடத்திலிருந்து:

"...அந்தக் கிண்ணத்தைக் காணோம்னுட்டாங்கடா."

அந்தக் கிண்ணம் கடைசியில் எங்கே கிடைத்தது என்று தெரிவதற்கு இன்னும் எத்தனையோ ஹோல்டு தாண்ட வேண்டியிருந்தது. எந்த மெகா சீரியலும் என்னை அப்படி இழுத்துப் பிடித்ததில்லை.

இடதுபக்கம் வியாசர்பாடி அக்கா. தனி ஆளாகப் பையனை வளர்த்தவர். தினமும் இரண்டு டப்பா கொண்டுவருவார், ஒன்று அவருக்கு, ஒன்று "யாருக்காச்சும்". அந்த யாருக்காச்சும் பெரும்பாலும் பிஜி ஹாஸ்டலில் காய்ந்துகொண்டிருந்த நான்தான். எங்கள் டீம் லீட், முப்பது வயசுகூட ஆகாத ஒரு பெண். குவாலிட்டி ஆடிட்டில் எங்கள் தப்பு ஏதாவது மாட்டினால் மேனேஜர் மீட்டிங்கில் "என் டீம், நான் பாத்துக்கறேன்" என்று முடித்துவிட்டு வந்து, அப்புறம் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்.

இன்னொரு தம்பி ரம்ஜான் நோன்பு வைப்பான். கேப் வீடு போய்ச் சேருவதற்குள் சஹர் நேரம் தாண்டிவிடும் என்பதால், ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவான். அந்த மாசம் முழுக்க எங்கள் வரிசையே அவனோடு உட்கார்ந்து சாப்பிடும். பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு நோன்பு சுலபம்தானே என்று நம்பி ஒருத்தன் கூடவே நோன்பு வைத்துப் பார்த்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. அதோடு சரி.

பண்டிகைக்கு லீவு இல்லாத ஆஃபீஸில் நாங்களே ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தோம். தீபாவளிக்கு அந்தத் தம்பியும் டீமில் இருந்த கிறிஸ்தவப் பெண்ணும் ஆஃபீஸ் வருவார்கள், ரம்ஜானுக்கு நாங்கள். கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவே லீவு என்பதால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் தயவே தேவைப்படவில்லை. "நான் மட்டும் வருஷா வருஷம் குடுத்துட்டே இருக்கேன்" என்று அவள் சண்டை போட்டதும், புனித வெள்ளிக்கு ஈடு கட்டினோம்.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் பேரில் இருந்த கிளைம்களையெல்லாம் டீம் லீட் மற்றவர்களுக்குப் பிரித்துப் போட்டார். அவரவர் டார்கெட்டே கழுத்து வரை இருந்த நேரம். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அண்ணன் தூக்கக் கண்ணோடு காலையில் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "நீ போய் குளிச்சிட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். இப்படிப்பட்டவர்களை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆட்களுக்கு என்ன விலை?

போக இடம் இல்லாமல் இல்லை. ஓஎம்ஆரிலேயே, ஒரே ஒரு சிக்னல் தள்ளி, இதே வேலைக்கு மாசம் 8,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒரு கம்பெனி ஆஃபர் லெட்டரே அனுப்பியது. நான் போகவில்லை. வருஷக் கணக்கில் 96,000 ரூபாய். அதாவது அண்ணன் கதை, அக்கா டப்பா, டீம் லீட் திட்டு, நோன்புச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 96,000 ரூபாய் என் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் அசட்டுத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாசம் 8,000 கொடுத்தால் வேறெங்கே இது கிடைக்கும்? கூடுதலாக 2,000 தருகிற கம்பெனிக்கு இப்போதைய ஆஃபீஸ் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகப் போகாமல் இருப்பவரை யாரும் கேலி செய்வதில்லை. பயண நேரம் ஒரு சம்பளம் என்றால், பக்கத்து சீட்டு மனுஷனும் ஒரு சம்பளம்தான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சம்பளத்தை எனக்குக் கொடுத்தது யார்?

கம்பெனி என் விசுவாசத்துக்கு வைத்திருந்த விலை எனக்குத் தெரியும். அது கிராஜுவிட்டி. அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாசத்தை 26 நாளாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதுவும் மொத்தச் சம்பளத்தில் இல்லை, அடிப்படைச் சம்பளத்தில். அதை எவ்வளவு குறைத்துக் காட்டியிருப்பார்கள் என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிப்படை 9,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 26,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

ஆக, என்னை அங்கே பிடித்து வைத்த சம்பளத்தைக் கொடுத்தது அண்ணனும் அக்காவும். பலன் அனுபவித்தது கம்பெனி. புதுசாக ஒருத்தனை எடுத்து, டினையல் கோடு எல்லாம் சொல்லிக்கொடுத்து, அவன் தேறுகிற வரைக்கும் காத்திருக்கும் செலவு அவர்களுக்கு மிச்சம். அப்ரைசலில் எனக்கு ஹைக் குறைத்துப் போட்டாலும் இவன் போக மாட்டான் என்று மேனேஜருக்குத் தெரியும். "உங்க டீம் பாண்டிங் சூப்பர்" என்று டவுன்ஹால் மீட்டிங்கில் கைதட்டவும் சொல்வார்கள். தட்டுவோம்.

வலி மாத்திரை

ஹெர்ஸ்பெர்க் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்து, வேலையில் ரொம்ப சந்தோஷமாக இருந்த சமயம் எது, ரொம்ப நொந்துபோன சமயம் எது என்று கேட்டார். 1959இல் அது புத்தகமாக வந்தது. அவர் கண்டுபிடித்ததில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தோஷத்துக்கும் சலிப்புக்கும் காரணங்கள் வேறு வேறு என்றார். சாதித்தது, பாராட்டு, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி இவையெல்லாம் சந்தோஷம் தருகிற பக்கம். சம்பளம், கம்பெனி விதிமுறை, வேலைச் சூழல் போன்றவை சலிப்பைத் தடுக்கிற பக்கம். சரியாக இருந்தால் புலம்பல் இருக்காது, அதற்காக வேலை இனித்துவிடாது. கூட வேலை பார்ப்பவர்களோடு இருக்கிற உறவை அவர் எந்தப் பக்கம் வைத்தார் தெரியுமா? இரண்டாவது பக்கம்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணனை ஏசி, பார்க்கிங் வரிசையில் வைத்துவிட்டாரே என்று. அப்புறம் என் ராத்திரிகளை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் பேசியதில் பாதி என்ன? மேனேஜரைத் திட்டியது. கிளையண்டைத் திட்டியது. டார்கெட்டைத் திட்டியது. மிச்சப் பாதிதான் வெள்ளிக் கிண்ணம். வேலையில் நல்லது நடந்து, அதைப் பகிர்ந்துகொண்டு சிரித்ததாக ஒரு சம்பவமும் ஞாபகத்தில் இல்லை. அவர்கள் எனக்கு வலி மாத்திரை. மாத்திரை நல்ல மாத்திரை. வலி அப்படியே இருந்தது.

மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் யாரும் டாக்டரிடம் போவதில்லை என்பதுதான் இதில் சங்கடம். டீம் மட்டும் சுமாராக இருந்திருந்தால் நான் இரண்டாவது வருஷமே கிளம்பியிருப்பேன்.

நல்ல டீமுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் வெளியே பேச மாட்டார்கள். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு ஹாதார்ன் என்ற பெரிய தொழிற்சாலை. 1931-32இல் அங்கே டெலிபோன் சுவிட்ச்சுகளுக்கு ஒயரிங் வேலை செய்த 14 பேரைத் தனி அறையில் வைத்து, பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்கிற சம்பளத் திட்டம்தான். ஆனாலும் ஒருத்தரும் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு. யாராவது வேகமாகச் செய்தால் கேலிப் பெயர் வைப்பார்கள். பக்கத்தில் வந்து தோளுக்குக் கீழே நறுக்கென்று ஒரு குத்துக்கூட விழும்.

எங்கள் வரிசையில் யாரும் யாரையும் குத்தவில்லை. ஆனால் நான் ஒரு மாசம் ஆவேசம் வந்து டார்கெட்டுக்கு மேலே மேலே அடித்தபோது, அக்கா டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "கண்ணு, நீ இப்படி ஓட்டினா அடுத்த மாசம் எல்லாருக்கும் டார்கெட்டை ஏத்திருவாங்க. எனக்குக் கண்ணு வேற சரியா தெரியல." நியாயமான பேச்சு. மறுநாளே வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பிரமோஷனைவிட அவர் கண் எனக்கு முக்கியமாகத்தான் பட்டது. அன்போடு இருக்கிற டீமில் எல்லோரும் ஒரே வேகத்தில் போவார்கள், அந்த வேகம் மெதுவாகப் போகிறவருடைய வேகமாக இருக்கும். அதுவும் 96,000க்கு மேலே நான் கொடுத்த விலையில் சேர்த்தி.

ஒரு எக்ஸெல் ஷீட்

கிளையண்ட் ஒரு நாள் வேறு வெண்டாரிடம் போய்விட்டார். ப்ராசஸ் ராம்ப் டவுன் என்று மெயில் வந்தது. யாருக்கும் வேலை போகவில்லை, அந்த வரைக்கும் நல்லவர்கள். மெயிலோடு ஒரு எக்ஸெல் ஷீட். பெயர், எம்ப்ளாயி ஐடி, புது ப்ராசஸ், புது லொகேஷன், ஷிஃப்ட். அண்ணன் அம்பத்தூர். அக்கா பகல் ஷிஃப்டில் சார்ஜ் என்ட்ரி. டீம் லீடுக்கு வேறொரு டீம். நான் அதே பெருங்குடி, அதே ஃப்ளோர், வேறு வரிசை.

யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஷீட்டில் கட்டம் இல்லை.

ஆட்களுக்காக இருக்கிறேன் என்று முடிவெடுத்தது நான். அந்த ஆட்கள் என் பக்கத்தில் இருப்பார்களா என்று முடிவெடுப்பது ரோஸ்டர் போடுகிறவர். மாசம் 8,000 ரூபாயை விட்டுக்கொடுத்து நான் வாங்கி வைத்திருந்த சம்பளத்தை யாரோ ஒருத்தர் ஒரு மதியம் ஐந்து கட்டத்தில் நிறுத்திவிட்டார். அவருக்கு அது தெரியவும் தெரியாது. நோட்டீஸ் பீரியட் உனக்கு இருக்கிறது, பக்கத்து சீட்டுக்கு இல்லை.

முதலில் பேப்பர் போட்டவர் அண்ணன். கடைசி நாள் பெருங்குடி வந்து, கேட்டுக்கு வெளியே சைக்கிள் டீக்காரரிடம் டீ வாங்கிக் கொடுத்தார். "நீ இருக்கேன்னுதான்டா நான் இருந்தேன். கோயம்புத்தூர்ல ஒரு ஆஃபர் வந்துச்சு, உன்கிட்டச் சொல்லல."

"எனக்கும் ஒண்ணு வந்துச்சுண்ணே. நீங்க இருக்கீங்களேன்னு விட்டுட்டேன்."

டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். "அப்ப நம்ம ரெண்டு பேரையும் வச்சே கம்பெனி அஞ்சு வருஷம் ஓட்டிருச்சு."

ஆட்கள் ஏன் போகிறார்கள் என்றே ஆராய்ந்துகொண்டிருந்த துறையில், ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று மிட்செல் என்பவரும் அவர் சகாக்களும் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலை பிடிக்கிறதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒருத்தருக்கு அங்கே எத்தனை பேரோடு பிணைப்பு இருக்கிறது, அந்த இடம் அவருக்கு எவ்வளவு பொருந்துகிறது, போனால் எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கும் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அதன் தொடர்ச்சியாக 2009இல் வந்த இன்னொரு ஆய்வு, பக்கத்தில் இருப்பவர்கள் வேலை தேட ஆரம்பித்தால் நாமும் கிளம்புகிற வாய்ப்பு கூடுகிறது என்றது. ஆட்களுக்காக இருப்பவர்கள் ஆட்களோடு சேர்ந்தே போவார்கள். எங்கள் வரிசையில் அப்படியேதான் நடந்தது. அண்ணன் போன கொஞ்ச நாளில் அந்தத் தம்பி, அப்புறம் கிறிஸ்தவப் பெண், அப்புறம் நான். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு கை விட்டதும் எல்லாக் கையும் விட்டுப்போயிற்று.

இப்போது

நான் கோடிங் பக்கம் வந்துவிட்டேன். டாக்டர் எழுதிய நோட்ஸைப் படித்து, நோய்க்கு ஒரு கோடு, சிகிச்சைக்கு ஒரு கோடு போடுகிற வேலை. இதற்கான சிபிசி பரீட்சைக்கு என்னை உந்தித் தள்ளியதே அந்தப் பழைய டீம் லீட்தான். "உன்னை என் டீம்ல வச்சுக்கிட்டா எனக்குத்தான் லாபம். அதனாலதான் சொல்றேன், படி" என்றார். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு உடற்கூறு கேள்வி அனுப்புவார். பதில் தப்பாக இருந்தால் பழையபடி வாங்கு வாங்கென்று வாங்குவார்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் ஐசிடி 10 என்ற கோடு பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நோய்களுக்கும் காயங்களுக்கும் 70,000க்கும் மேற்பட்ட கோடுகள். வாத்து அடித்துக் காயம் பட்டால்கூட அதற்கென்று தனி கோடு உண்டு, விளையாட்டில்லை. டாக்டர் அவசரமாக எழுதிய நாலு வரியிலிருந்து சரியான ஒன்றைப் பிடிப்பதில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிற சுகம் இருக்கிறது. பகல் ஷிஃப்ட். கண்ணுக்குக் கீழே குழி கொஞ்சம் தூர்ந்துவிட்டது, சித்திகள் வேறு குறை தேடுகிறார்கள்.

இங்கே சகாக்கள் எப்படி? சுமார். கெட்டவர்கள் யாரும் இல்லை. காலையில் ஹாய், சாயங்காலம் பை. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு மொபைல். ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே வேலை என்னிடமிருந்து உறிஞ்சியதையெல்லாம் பக்கத்து சீட்டு மனிதர்கள் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. இங்கே வேலை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. வேலை பிடித்திருந்தால் சகாக்கள் மரியாதையானவர்களாக இருந்தால் போதும். பிடிக்காத வேலையில்தான் அவர்கள் அண்ணனாகவும் அக்காவாகவும் ஆகவேண்டியிருக்கிறது. சில பேருக்கு அது பாரமாகவும் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பழைய சிநேகமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, பிறந்தநாளுக்கு மட்டும் கேக் படம் விழும். பெரும்பாலானவர்களோடு எனக்கு இருந்தது அந்த வேலையைத் திட்டுகிற சிநேகம்; திட்ட வேலை இல்லாததும் பேச விஷயமில்லை. அண்ணனும் அக்காவும் மட்டும் வேறு. அக்கா பையன் காலேஜ் சேர்ந்தபோது நானும்தான் கவுன்சலிங்குக்குப் போனேன். இந்த இரண்டு சிநேகத்துக்கு ஐந்து வருஷ நைட் ஷிஃப்ட் அதிகம் இல்லை. ஆனால் இந்த இரண்டும் முதல் வருஷத்திலேயே கிடைத்துவிட்டவை. மிச்ச வருஷங்கள் அங்கே உட்கார்ந்து அவற்றைக் காவல் காக்கத் தேவையே இருக்கவில்லை. அம்பத்தூர் போனாலும், கோயம்புத்தூர் போனாலும் அவை போக மாட்டேன் என்றுதான் நின்றன.

நீங்களும் மூன்றாவது கட்சியாக இருந்தால் உடனே பேப்பர் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இஎம்ஐ ஓடும், வீட்டில் ஆயிரம் இருக்கும். ஆட்களுக்காக இருப்பதில் வெட்கமும் வேண்டாம், அது சம்பளத்தில் ஒரு பகுதி. அது எவ்வளவு என்று ரூபாயில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், அந்த விலைக்குப் பொருள் சரிதானா என்று நீங்களே சொல்வீர்கள். வேறு ஆஃபர் வந்தால் சகாக்களிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

இன்றைக்கு ஷிஃப்ட் இருந்தால், பிரேக்கில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்: "நான் போயிட்டா நீ இருப்பியா?" இருப்பேன் என்றால், அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது, அவருக்காக நீங்கள் இருக்கத் தேவையில்லை. இருக்க மாட்டேன் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து ரெஸ்யூமே எழுத ஆரம்பியுங்கள். முதலில் உள்ளே போகிறவர் மற்றவரை ரெஃபர் செய்யட்டும். ரெஃபரல் போனஸ் வந்தால் ஆளுக்குப் பாதி.